அதே பல்லி

அந்தப் பல்லி சாவதை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதன் முதுகில் மீனுக்கு இருப்பதுபோல ஒரு செட்டையை ஒட்டி வைத்திருப்பார்கள். எதிரில் ஒரு முதலைக்குட்டி, அதன் முதுகிலும் ஒரு செட்டை. இரண்டும் கட்டிப் புரளும். பல்லி கழுத்தில் கடி வாங்கி, வயிறு மேலே தெரிய விழுந்து, பின்னங்காலை உதறி உதறி அடங்கும். தூரத்தில் நிற்கும் கதாநாயகி வாயில் கையை வைப்பாள். அடுத்த படத்தில் வேறு கதாநாயகி, வேறு தீவு. பல்லி மட்டும் அதே பல்லி, உதறலும் அதே உதறல்.

இவை பழைய ஆங்கில டைனோசர் படங்கள். எங்கள் வீட்டில் பல்லிப் படம் என்று சொன்னால்தான் விளங்கும். நான் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறவள். பல்லியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நிற்கும், டைனோசரின் கால்கள் உடம்புக்கு நேர் கீழே நிற்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தபின்னும் ஒரு பிள்ளை பரீட்சையில் மாற்றி எழுதினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனால் பல்லிக்குச் செட்டை ஒட்டி இதுதான் டைனோசர் என்று துணிந்து காட்டிய மனிதர்களில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் வசதி இல்லை. எப்போதோ ஒரு பெரிய கம்பெனி நன்றாகச் செலவழித்து எடுத்த எரிமலையையும் பல்லிச் சண்டையையும் வாங்கி, வெட்டி, தங்கள் கதைக்கு நடுவில் ஒட்டினார்கள். பழைய துண்டில் தூரத்தில் ஓடுகிறவன் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தால் புதிய கதாநாயகன் தலையிலும் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கவிழ்த்தார்கள். பழையது கறுப்பு வெள்ளை, புதியது கலர் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் பச்சையோ சிவப்போ பூசினார்கள். கேட்டால் அந்தத் தீவில் வெளிச்சமே அப்படித்தானாம்.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. அந்தப் பல்லி நடிக்கவில்லை. அதை உண்மையாகவே சண்டைக்கு விட்டார்கள், அது உண்மையாகவே செத்தது. ஒருமுறை செத்த ஒரு பிராணியை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பிழைத்தார்கள்.

முதல் பல்லிப் படத்தைக் கரவெட்டியில், போரால் மின்சாரம் இல்லாத காலத்தில் பார்த்தேன். தமிழ்ப் படங்களுக்கு அப்போது இயக்கம் விதித்த ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடு. பல்லிப் படத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அது தாராளமாக ஓடியது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் ஒரு சின்ன ஜெனரேற்றரும் வைத்திருந்தார். இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு போட விமானம் வரும் என்று பகலில்தான் படம் போடுவார். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கிவிடுவோம். மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர் போட்ட சத்தத்தில் தலைக்கு மேல் விமானம் வந்தாலும் கேட்காது. அதனால் யாராவது ஒருவர் வெளியே நின்று வானத்தைப் பார்க்கவேண்டும். அந்த வேலை எப்போதும் என் அண்ணையின் தலையில்தான் விடியும். அவர் ஒரு கண்ணை வானத்திலும் மற்றக் கண்ணைச் சாக்கில் இருந்த கிழிசலிலும் வைத்துக்கொண்டு நிற்பார்.

அன்று இரண்டு படம் போட்டார்கள். இரண்டாவது படத்தில் சண்டை தொடங்கியதும் சாக்குக்கு வெளியே இருந்து அண்ணையின் குரல் கேட்டது.

"உது முதல் படத்திலை செத்த பல்லி."

டெக்குக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "விசர்க் கதை கதையாதையும். அது கறுப்பு வெள்ளை, இது கலர். எப்பிடி ஒண்டாகும்?"

"செட்டையைப் பாருங்கோ. பின்பக்கம் பசை விட்டுக் கிழிஞ்சு தொங்குது. அதிலையும் தொங்கினது."

எல்லோருமாகச் சேர்ந்து அவரை வாயை மூடச் சொன்னார்கள். வானத்தைப் பார்க்க விட்டால் வானத்தைப் பார்க்கவேண்டியதுதானே என்றார்கள். நான் மட்டும் செட்டையைப் பார்த்தேன். கிழிந்துதான் தொங்கியது.

அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டாகப் போனது. எந்தப் பல்லிப் படம் வந்தாலும் யார் முதலில் அதைக் கண்டுபிடிப்பது என்று போட்டி. ஒரு படத்தில் அது மற்றப் பக்கத்தில் இருந்து பாய்ந்து வந்தது. இது வேறு பல்லி என்று நான் சத்தியம் பண்ணினேன். "பிலிமைப் புரட்டிப் போட்டிருக்கிறாங்கள் மொக்கு, கிழிசல் இப்ப இஞ்சாலைப் பக்கம் நிக்குது பார்" என்றார். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. தோற்றுப்போவது எனக்கு என்றைக்கும் பிடிக்காது.

இடம்பெயர்வோடு அண்ணை வன்னிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. அங்கேயே கலியாணமும் ஆகி ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. போரின் கடைசி நாள்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசைக்குப் பிரித்தார்கள். அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அந்த வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அகதி முகாமில் இருந்து வெளியே விட்டபிறகு அவள் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது; ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். நான் கலியாணம் கட்டவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும்தான் அந்த வீட்டில் இருக்கிறோம்.

சில வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியின் விவரணப் படத்தில் அண்ணையைக் கண்டோம். எரிந்துபோன ஓர் உழவு ரக்ரருக்கு முன்னால் ஆண்கள் வரிசையாகப் போகிறார்கள், இடமிருந்து வலமாக. அண்ணையின் வலக்கையில் முழங்கைக்குக் கீழே துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. மற்றக் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கமெராப் பக்கம் ஒருமுறை பார்க்கிறார். ரக்ரரைத் தாண்டுகிறார். காட்சி வேறொன்றுக்குப் போய்விடுகிறது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான்.

அது அவர்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு நானும் மச்சாளும் ஏறி இறங்காத படி இல்லை. அலுவலகங்களில் இருந்தவர்கள் எல்லோரும் அதை உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஓரிருவர் கண்ணைத் துடைத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகு, போர் முடிந்த மாதம் என்று ஒவ்வொரு வைகாசியிலும் யாராவது ஒருவர் அந்தக் கடைசி நாள்களைப் பற்றி ஒரு படம் செய்தார்கள். முதலில் தொலைக்காட்சிகள் செய்தன. பிறகு கையில் போன் வைத்திருந்தவன் எல்லாம் செய்யத் தொடங்கினான். இதுவரை வெளிவராத காட்சிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திறந்தால் அதே ரக்ரர். அவர்களிடமும் வேறு ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சத் துண்டுகளை ஆளுக்கு ஆள் வெட்டி ஒட்டி, ஒரு சோகப் புல்லாங்குழலையும் பின்னணியில் விட்டு, புதிது என்று விற்றார்கள். ஒன்றின் கீழே நான் போய், இது பழைய காட்சி என்று எழுதினேன். யாரோ என்னைத் துரோகி என்று பதில் எழுதியிருந்தார்.

ஆனால் மச்சாளுக்கு ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டாள். ஒரு வைகாசியில் குசினிக்குள் ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரும் மச்சாள், இதிலை உடம்பு வைச்சிருக்கிறார். சாப்பாடு ஒழுங்காக் குடுக்கிறாங்கள் போலை கிடக்கு."

நான் பார்த்தேன். பழைய சதுரத் திரைக்கு எடுத்த படத்தை இந்தக் காலத்து அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருந்தார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் கொழுத்திருந்தார்கள். ரக்ரரும் கொழுத்திருந்தது. பல்லிப் படம் பார்த்துப் பழகிய எனக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு நொடி போதும். நான் வாயைத் திறக்கவில்லை. அது பிழை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அன்று மத்தியானம் அவள் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதைக் கெடுக்க நான் யார்?

அடுத்த முறை வெளிறிப்போன ஒரு பிரதி வந்தது. "நரைச்சுப்போட்டுது, என்ன?" என்றாள். இன்னொன்றில் யாரோ சிவப்பு மையை அள்ளித் தெளித்தது மாதிரி நிறத்தை ஏற்றி வைத்திருந்தான். "வெயிலிலை நல்லா வேலை வாங்கிறாங்கள், எப்பிடிக் கறுத்துப் போனார்" என்று அழுதாள். அவள் மொக்கு இல்லை. எனக்கு வராத கணக்கெல்லாம் அவளுக்கு வரும். ஆனால் ஆளைத் தேடி அலைகிற வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கோ ஓர் இடத்தில் அவர்களை வைத்திருக்கிறார்கள், உள்ளே ஈரமுள்ள ஒருவன் இருக்கிறான், அவன் வருடா வருடம் ஒளித்துப் படம் எடுத்து வெளியே அனுப்புகிறான். தங்கள் பிள்ளையை இப்படிப் படத்தில் கண்ட எல்லாத் தாய்மாரும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நம்பினார்கள். அவர் ஏன் எப்போதும் அதே துணியைக் கட்டிக்கொண்டு அதே ரக்ரருக்கு முன்னால் நடக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. தினமும் ஒரே வழியால் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மச்சாள் தானாகவே சொல்லிக்கொண்டாள். அவளுடைய நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. ஒருவரும் அதைப்பற்றி அவளிடம் வாய் திறக்கத் துணியவில்லை.

இப்படியே பிள்ளை வளர்ந்து, படித்து, ஒரு வேலைக்கும் போனாள். தொண்டைமானாற்றில் இருந்து நல்ல ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை, ஆவணியில் லீவு. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், சாதகமும் பொருந்தி, ஆவணியில் நாளும் பார்த்தாயிற்று. மச்சாளும் சந்தோசமாகத்தான் கூறைச் சேலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். அதற்கிடையில் வைகாசி வந்தது.

அந்த முறை வந்த வீடியோவில் அண்ணை வலமிருந்து இடமாக நடந்தார்.

யாரோ ஒருவன், காப்புரிமைக்காரன் பிடிக்காமல் இருக்கவோ என்னவோ, காட்சியை அப்படியே புரட்டிப் போட்டிருந்தான். மச்சாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். அவளுடைய முகத்தை நான் அப்படி முன்னொருபோதும் கண்டதில்லை.

"திரும்பி வாறார் மச்சாள். அந்த ரக்ரரைத் தாண்டிப் போனவர், இப்ப அதைத் தாண்டித் திரும்பி வாறார். எல்லாருமே வாறாங்கள். விடப்போறாங்கள்."

பிறகு குந்தியிருந்து அழத் தொடங்கினாள். "ஆனா மற்றக் கையையும் உடைச்சுப்போட்டாங்கள். முந்தி வலக்கையிலை கட்டு. அந்தக் காயம் மாறியிட்டுது. இப்ப இடக்கையிலை கட்டியிருக்கு."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான் நான் அந்தப் பல்லிப் படங்களை வெறுத்தேன். அவற்றைப் பார்த்துப் பழகாமல் இருந்திருந்தால் நானும் அவளோடு சேர்ந்து அழுதிருப்பேன், சந்தோசப்பட்டிருப்பேன்.

அடுத்த நாளே அவள் தொண்டைமானாற்றுக்குப் போன் எடுத்து, கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னாள். தகப்பன் வந்து தாரை வார்க்கவேண்டும், அவர் வருகிற நேரத்தில் அவருடைய இடத்தில் வேறொருவர் நின்று செய்யக்கூடாது என்றாள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. மாம்பழத்தோடு நேரே வந்து இருந்து, மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தா.

"நான் உங்களை அவசரப்படுத்தேல்லை. ஆனா ஆவணியை விட்டா அவனுக்கு அடுத்த லீவு எப்ப எண்டு தெரியாது. வீட்டிலை இவர் வேற இடமும் பாப்பம் எண்டு நிக்கிறார். நீங்கள் ஒரு முடிவு சொன்னால் நல்லது."

"அவர் வரட்டும்" என்றாள் மச்சாள்.

அன்று பின்னேரம் பிள்ளை என்னிடம் வந்தாள். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"மாமி, நீங்கள் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொன்னா, அப்பாவைச் சாகடிச்சுப்போட்டுக் கலியாணம் கட்டப் பாக்கிறன் எண்டுதான் அம்மா நினைப்பா. சாகும்வரைக்கும் அப்பிடித்தான் நினைப்பா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலுக்கு முன்னர், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மச்சாளைக் கூப்பிட்டேன். "வாரும், ஒரு பல்லிப் படம் பாப்பம்."

"உமக்கு வேற வேலை இல்லை" என்றாள். ஆனாலும் சுளகில் வெங்காயத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் இருந்தாள்.

முதலில் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். பல்லி விழுந்து காலை உதறியது. "பாவம்" என்றாள். அடுத்ததாக, பச்சை பூசிய படம். வெங்காயம் உரித்தபடியே, "இதுவும் அதுதானே" என்றாள்.

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"காலை உதறிறது அப்பிடியே கிடக்கு. நிறம் மாத்தினால் எனக்குத் தெரியாதோ."

மூன்றாவதைப் போட்டேன். பல்லி மற்றப் பக்கத்தில் இருந்து பாய்ந்தது. "இது வேற" என்றாள். நான் காட்சியை நிறுத்தினேன். செட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கிழிசல் முந்தி எந்தப் பக்கம் இருந்தது?"

"இஞ்சாலை" என்று கையைக் காட்டினாள். கை அப்படியே நின்றது.

"புரட்டிப் போட்டிருக்கிறாங்கள். கண்ணாடியிலை பாக்கிற மாதிரி. வலது இடதாகும், போறது வாறதாகும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படங்களைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தேன். அவள் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப இந்தப் பல்லி திரும்பேல்லை."

"இல்லை."

"முதல் படத்திலை செத்தது செத்ததுதான்."

"ஓம் மச்சாள்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து தந்தாள். "இவரின்ரையைப் போடும்" என்றாள். இரண்டு துண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைக்காட்சியில் போட்டேன். பெரிய திரையில் அவற்றை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புரட்டிய துண்டில், அண்ணைக்கு முன்னால் போகிறவனின் சட்டையில் இருந்த இலக்கம் இடவலம் மாறி நின்றது. அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் கிட்டப் போய், அண்ணையின் துணி சுற்றிய கையில் விரலை வைத்தாள். மற்றத் துண்டைப் போடச் சொல்லி அதிலும் விரலை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மற்றக் கையை உடைக்கேல்லை" என்றாள்.

அவளுடைய முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உண்மையான நிம்மதி. இத்தனை நாள் அந்தக் கையை நினைத்து அவள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஓவென்று கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எழும்பிப் போய் யன்னலைத் திறக்கிறமாதிரி நின்றேன்.

"உந்தச் செய்திக்காரருக்கு இது தெரியுமோ?" என்று அவள் பின்னால் இருந்து கேட்டாள்.

"தெரியும். அவங்களிட்டை வேற துண்டு இல்லை."

"என்னட்டையும் இல்லை" என்றாள்.

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டின்போது ஆவணியிலேயே நடக்கட்டும் என்று பிள்ளையிடம் சொன்னாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டோம்.

ஆனால் அவள் அவரைச் செத்தவர் என்று சொல்லவில்லை. அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தபோது, தகப்பனின் பேருக்கு முன்னால் அமரர் போடுவதா இல்லையா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அமரர் என்று போட்டால் திவசம் செய்யவேண்டும். எந்தத் திதிக்குச் செய்வது? போடாவிட்டால், ஆள் எங்கே என்று சபை கேட்கும். "பேரை மட்டும் போடுங்கோ" என்றாள். தொண்டைமானாற்றுக்காரர் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. குங்குமமும் கொடியும் அப்படியே இருந்தன. அவற்றைக் கழற்றச் சொல்கிற உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கழற்ற வைத்தவள் நான்தான் என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயமும் இல்லாமல் இல்லை.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மச்சாளின் தமையனும் மனைவியும் மணவறையில் இருந்து பிள்ளையைத் தாரை வார்த்தார்கள். மச்சாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மேடைக்கு வராமல், சனத்துக்குள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். சுமங்கலி என்றால் மேலே இருக்கவேண்டும், இல்லை என்றால் பொட்டு ஏன் என்று எனக்குப் பின்னால் ஒரு மனுசி மெதுவாகத் தொடங்கினா. நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அதோடு அவவுக்குக் கதை நின்றுவிட்டது. மேளம் கொட்டித் தாலி கட்டும்போது மச்சாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆசையாய் வளர்த்த பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை அவள் பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை திரும்பிப் போவதற்கு முன்னர் வீடியோவைப் பார்க்க நெல்லியடியில் இருக்கும் ஸ்ரூடியோவுக்குப் போனோம். இப்போதெல்லாம் கலியாண வீடியோவில் இறந்துபோன தாய் தகப்பனையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். முகிலுக்குள் இருந்து அட்சதை போடுகிறார்கள், கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார்கள். பிள்ளைக்கும் தன் தகப்பன் வரவேண்டும் என்று ஆசை. எங்களிடம் அண்ணையின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் வன்னியில் பதுங்கியிருந்த பங்கருக்குள்ளேயே புதைந்து போய்விட்டது. அசைகிற அண்ணை என்று உலகத்தில் இருப்பது அந்த ஒரு துண்டுதான். அதைப் பிள்ளை எங்கள் இருவரிடமும் சொல்லாமல் ஸ்ரூடியோக்காரரிடம் கொடுத்திருந்தாள்.

அவர் நாற்பது வயது மதிக்கத்தக்க, தன் வேலையில் பெருமையுள்ள மனிதர். ரக்ரரை அழித்திருந்தார். வெயிலை அழித்துப் பொன் நிறத்தில் ஒரு வெளிச்சம் விட்டிருந்தார். துணி சுற்றிய கை தெரியாமல் பூக்களை விழுத்தியிருந்தார். நெற்றியில் கை வைத்து அண்ணை பார்த்த அந்த ஒரு பார்வையை மெதுவாக்கி நீட்டியிருந்தார். பல்லிப் படம் எடுத்தவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணையின் தோளுக்குப் பின்னால் ஒரு காதும் பாதி முகமும் மிச்சமாக நின்றன. வரிசையில் அவருக்கு அடுத்ததாக வந்தவர்.

"உதை எடுக்கேலாது ரீச்சர்" என்றார் ஸ்ரூடியோக்காரர். "எடுத்தா இவரின்ரை தோளும் சேர்ந்து போயிடும்."

அந்தக் காதுக்குரியவரையும் எங்கேயாவது ஒரு வீட்டில் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரையும் நாங்கள் எங்கள் கலியாணத்துக்குக் கூட்டிவந்துவிட்டோம்.

ஸ்ரூடியோக்காரர் கதிரையைத் திருப்பினார். "ஒரு விசயம் மட்டும் நீங்கள் சொல்லவேணும். மணவறை திரையிலை இடப்பக்கம் இருக்கு. ஐயா வலப்பக்கமாப் போறார். அப்பிடியே விட்டா பிள்ளையை விட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. புரட்டிப் போட்டா பிள்ளையிட்டை நடந்து வாற மாதிரி வரும். வடிவா இருக்கும். ரெண்டையும் காட்டிறன்."

இரண்டையும் காட்டினார். புரட்டியதைக் கண்டதும் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொன் வெளிச்சத்துக்குள் இருந்து தகப்பன் அவளை நோக்கி நடந்து வந்தார். மாப்பிள்ளை அவளுடைய தோளைப் பிடித்தான். இதையே போடுங்கோ என்று அவன் சொல்ல வாயெடுத்து, பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம்.

அவள் இரண்டாவதை இன்னொருமுறை போடச் சொன்னாள். பிறகு முதலாவதைப் போடச் சொன்னாள். அதையும் கடைசிவரை, அண்ணை திரையின் வலது ஓரத்தில் மறையும்வரை பார்த்தாள்.

"புரட்டவேண்டாம் தம்பி" என்றாள். "போற மாதிரியே விடுங்கோ. அவர் போனவர்தானே."